சொரணையுள்ள தோல்

ஆறிப்போன டீயை அவள் குடிக்க மாட்டாள். உதட்டில் வைத்தால் சுட வேண்டும். டம்ளருக்கு மேலே ஆவி நின்றுவிட்டால், "இது எனக்கு வேணாங்க்கா, முக்குக் கட்டிலுக்குக் குடுத்துருங்க" என்று தள்ளிவிடுவாள். தீயில் வெந்த ஒருத்திக்குச் சூட்டின் மேல் இப்படி ஓர் ஆசை இருந்து நான் பார்த்ததே இல்லை. தீக்காய வார்டில் கிடப்பவர்கள் வெந்நீர் என்று சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஆறிப்போனது எதுவும் எனக்கு ஆகாதுக்கா" என்றாள். டீயைத்தான் சொல்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. வார்டிலும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து கோச்சடையில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் எல்லாருக்கும் அவள் உசிலம்பட்டிக்காரி. நான் அந்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி இழுக்கும். கழுத்து நெஞ்சோடு போய் ஒட்டும், விரல்கள் கொக்கிபோல மடங்கி அப்படியே நின்றுவிடும். அப்படி ஆகாமல் நீட்டியும் மடக்கியும் விடுவது என் வேலை. அதனால் நோயாளிகளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அழுவார்கள், என் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டுவார்கள், ஒரு பெரியவர் கையைக் கடித்தேவிட்டார். "எக்சைஸ் அக்கா வாராக" என்று யாராவது குரல் கொடுத்தால் வார்டே தூங்குவதுபோல நடிக்கும். இவள் ஒருத்திதான், நான் வரக் கொஞ்சம் தாமதமானால் ஆயாவை விட்டுக் கூப்பிட்டனுப்புவாள்.

கழுத்து, நெஞ்சு, வலது கை. இந்த மூன்றும் அடி ஆழம்வரை வெந்திருந்தன. தாடைக்கு மேலே தீ ஏறவில்லை. கட்டுகளுக்கு மேலே அந்த முகம் மட்டும் தனியாக, ஏதோ வேறு ஆளுடையதுபோல விழித்துக்கொண்டிருக்கும்.

கையை அசைக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, எல்லாரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டேன். கை சரியானதும் முதலில் என்ன செய்ய ஆசை? இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். பிள்ளைக்குச் சோறு ஊட்டணும், தலை சீவிக்கணும், சொந்தக் கையால கால் கழுவிக்கணும். அவள் தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மத்த விரலு எப்பிடியோ போகட்டும்க்கா. ஆள்காட்டி விரலு மட்டும் நேரா நிக்கணும்."

"அதென்னத்தா அது மட்டும்?"

"பேரே ஆள்காட்டிதான? கோர்ட்டுல ஆளைக் காட்டணும்."

எந்த ஆள் என்று அதற்குள் வார்டு முழுக்கத் தெரிந்திருந்தது. நடந்தது இதுதான். அவள் புருஷன் தன் பைக்கிலிருந்து பாட்டிலில் பிடித்த பெட்ரோலை அவள் மேல் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போனான். வெளியே நின்ற மாமியார் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அலறல் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து, நனைத்த போர்வையைப் போட்டு மூடி ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஏன் செய்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். காரணம் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். "காரணத்தச் சொன்னா அதுக்கும் தலையாட்ட நாலு பேரு வருவாகக்கா" என்பாள் அவள். அப்படி வந்த நாலு பேரையும் வராண்டாவில் நானே பார்த்தேன். அவர்கள் தலையில் இடி விழ.

மாமியாரைத் தினமும் பார்ப்பேன். நல்ல வாட்டசாட்டமான பெண்மணி. இரண்டு கையிலும் கனத்த வளையல்கள், நடந்தால் வராண்டா முழுக்கக் கேட்கும். ஒரு ஃபிளாஸ்கில் கஞ்சியைக் கொண்டுவந்து, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் பேத்தி. நர்ஸ் வெளியே வந்தால் எழுந்து போய் விசாரிப்பாள். "எப்படி இருக்கா" என்று கேட்க மாட்டாள். "இருக்காளா" என்றுதான் கேட்பாள்.

கொண்டுவந்து சேர்த்த அன்றே மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டார். அவ்வளவு வெந்தவர்களிடம் அப்படி வாங்கிவைப்பது வழக்கம், பிழைப்பார்களா என்று யாருக்கும் நிச்சயம் கிடையாது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமியார் நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. "சமைக்கும்போது சேலை முந்தானையில தீப்புடிச்சிருச்சு" என்று கட்டிலில் கிடந்தவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பெட்ரோல் நெடி வார்டைவிட்டுப் போகாமல் நின்றது. எல்லாருக்கும் மூக்கு இருந்தது. என்ன செய்ய, சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை.

பெரிய டாக்டர் என்று நாங்கள் சொன்ன பிளாஸ்டிக் சர்ஜன், வெந்த தோலையெல்லாம் வெட்டி எடுத்த பிறகு செயற்கைத் தோல் வைக்கலாம் என்றார். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி நேரடியாக ஒட்டலாம்தான். ஆனால் அடித்தோல் இல்லாமல் அதை மட்டும் ஒட்டினால் நாளாக ஆகச் சுருங்கிக் கழுத்தையும் விரல்களையும் இழுத்துவிடும். அடித்தோலுக்குப் பதிலாக இந்தச் செயற்கைத் தாளை முதலில் பரப்பி, அது உடம்போடு ஒட்டிய பிறகு மேல்தோலை ஒட்டுவது நல்லது. இதையெல்லாம் அவர் அவளுக்கு அவருடைய பாணியில் விளக்கினார்.

"பீர்க்கங்கொடிக்குப் பந்தல் போடுவீங்கள்ல? அதுதான் இது. பந்தலை நான் போட்டுருவேன். கொடியை நீங்கதான் விடணும். உங்க ரத்தக் குழாய் இதுக்குள்ள ஏறி வரணும்."

"எதுல செஞ்சது டாக்டர்?"

"மாட்டுலேர்ந்து எடுக்கிற ஒரு புரதம். மேல சிலிகான்."

இந்த 'மாடு' என்ற வார்த்தை எப்படியோ கதவைத் தாண்டி வராண்டாவுக்குப் போய்விட்டது. மாமியார் எழுந்து நின்று சத்தம் போட ஆரம்பித்தாள். "மாட்டுத்தோல மனுச உடம்புல ஒட்டுவாகளா? எங்க குலசாமி பொறுக்குமா? ஒண்ணும் ஒட்ட வேணாம், அவளா பொழைச்சா பொழைக்கட்டும்." அவளுக்குக் குலசாமிமேல் இருந்த பக்தி அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்குத்தான் பிறந்தது என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

உள்ளே அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புகை குடித்த தொண்டை, குரல் கரகரவென்றுதான் வரும்.

"டாக்டர், எருமத்தோலு கிடைக்காதா?"

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் நர்ஸைப் பார்த்தேன். வலி மருந்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தோம்.

"எங்க அத்த என்னைய எந்நேரமும் எருமத்தோலுன்னுதேன் சொல்லுவாக. எம்புட்டு வஞ்சாலும் ஒறைக்காது, சொரணை கெட்டவன்னு. அவுக வாக்கு பலிக்கட்டுமே. பசுவோ எருமையோ, ஒட்டுங்க."

அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். கழுத்துக் கட்டுக்குள் சிரிப்பு வலித்திருக்கும், அதையும் சேர்த்துத்தான் சிரித்தாள். அவளே சம்மதித்த பிறகு குலசாமியிடம் யாரும் போய்க் கேட்கவில்லை.

தாளைப் பரப்பிக் கட்டிய பிறகு சில வாரங்கள் அந்த இடங்கள் ஆடக் கூடாது. உரசினால், சீழ் பிடித்தால், அத்தனையும் பாழ். வலிக்குப் பயந்து அசையாமல் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் கிடந்தது வேறு மாதிரி. மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூடத் தலையை அசைக்க மாட்டாள், கண்ணை மட்டும் உருட்டி ஆயாவைக் கூப்பிடுவாள். கட்டுப் பிரிக்கும் நாட்களில் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். செக்கச்செவேலென்று இருந்த தாள் கொஞ்சம் கொஞ்சமாக மாம்பழ நிறத்துக்குத் திரும்பியபோது டாக்டர் தலையாட்டினார். கொடி ஏறிவிட்டது என்றார். "ஏறாம? நான் போட்ட ஒரமாச்சே" என்றாள். என்ன உரம் என்று அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். "கோவம்தேன்" என்றாள், பருப்புக்கு உப்பு போட்டதைச் சொல்வதுபோல.

அந்த நாட்களில்தான் அவள் இன்னொன்றையும் படுத்த இடத்திலிருந்தே செய்து முடித்தாள்.

அவள் அண்ணன் உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து போய்க்கொண்டிருந்தான். வாயில்லாத மனிதன். தங்கச்சியைப் பார்த்ததும் தலையைக் குனிந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நிற்பான். ஒருநாள் அவனையும் மாமியாரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் சேர்ந்தாற்போல் கூப்பிட்டு, போகிற உயிரை இழுத்துப் பிடித்துப் பேசுவதுபோல மெல்லப் பேசினாள். அப்போது நான் அவள் காலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அத்த, நான் இனிமே தேறுவேன்னு எனக்குத் தோணல. பிள்ளைக்கு இன்னும் காது குத்தல. எங்கண்ணன் மடியில ஒக்காத்திவச்சுக் குத்தி, அத ஒரு போட்டோ எடுத்துக் காட்டிருங்க. பாத்துட்டுப் போயிருறேன்."

தாய்மாமன் மடியில் காது குத்துவதை இந்தப் பக்கத்தில் எந்த மாமியாரும் மறுக்க முடியாது. மறுத்தால் சொந்தபந்தம் காறித் துப்பும். அதுவும் சாகப்போகிறவளின் கடைசி ஆசை. மாமியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன். "கூட்டிட்டுப் போய் நல்லபடியாக் குத்திக் கூட்டிட்டு வாங்க தம்பி" என்று பிள்ளையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

மறுநாள் அண்ணன் மட்டும் வந்தான். செல்போனில் படத்தைக் காட்டினான். மொட்டைத் தலை, காதில் சின்னத் தோடு, அழுது வீங்கிய கன்னம். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"பிள்ள எங்க?"

"வீட்டுல. உங்க மதினி வச்சிருக்கா. கதவு சாத்தியிருக்கு. நம்ம ஆளுக வாசல்ல ஒக்காந்திருக்காக."

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும், "சார், மாஜிஸ்திரேட்டு அய்யாவத் திரும்ப வரச் சொல்லுங்க" என்றாள். குரலில் அந்த இழுவை இல்லை. டாக்டர், ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் இருக்கிறதே என்றார். "அது சாகப்போறவ சொன்னது சார். இப்பப் பொழைக்கப்போறவ சொல்றேன்."

அன்று சாயங்காலம் வராண்டாவில் ஃபிளாஸ்க் மட்டும் இருந்தது. அதை வைத்தவளையும் அவள் மகனையும் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கஞ்சியை ஆயா எடுத்துப்போய்க் குழியில் கொட்டினாள். நாய்கூட அதன் பக்கம் போகவில்லை என்று அவள் சொன்னது பொய்தான், ஆனால் எங்கள் எல்லாருக்கும் அந்தப் பொய் பிடித்திருந்தது.

பிறகு ஒரு அம்மாள் வந்தார். மனநல ஆலோசனை சொல்கிறவர், இனிய குரல், காட்டன் சேலை. மனதில் பகையை வைத்திருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், மன்னித்துவிட்டால் பாரம் இறங்கும் என்று பொறுமையாகப் பேசினார். அவள் முழுக்கக் கேட்டாள். கடைசியில், "மன்னிச்சா இந்த எடத்துல மயிர் மொளைக்குமா மேடம்?" என்று ஒட்டிய கையைக் காட்டினாள். செயற்கைத் தோலில் மயிர்க்கால் கிடையாது, வேர்வையும் வராது. அது டாக்டர் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "புண்ணு ஆறட்டும் மேடம். அது ஆறுறதுதேன் நல்லது. மத்தத ஆற விட்டா நான் எத வச்சு எந்திரிச்சு நிக்கிறது?" அந்த அம்மாள் போன பிறகு அவளுக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னேன். கொதிக்கக் கொதிக்க.

என் பங்குக்கு நானும் அவளைக் கொடுமைப்படுத்தினேன். காலையும் மாலையும் அந்த விரலைப் பிடித்து நீட்டுவேன். கண்ணில் தண்ணீர் தன்னால் வழியும், வாய் மட்டும், "இன்னுங் கொஞ்சம்க்கா, இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இரவில் விரலுக்குச் சட்டம் வைத்துக் கட்டுவோம், பகலில் இறுக்கமான கையுறை. மதுரை வெயிலில் அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். பலர் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள். அவள் ஒருநாளும் கழற்றியதில்லை. சோர்ந்த நாட்களில் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: "தாழ்ப்பாள் போட்ட சத்தம் ஞாபகம் இருக்கா?" உடனே கையை நீட்டிவிடுவாள். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது, எனக்கு அதைப் பற்றி வருத்தமும் கிடையாது.

"வளையல் சத்தம்க்கா" என்பாள். "தாழ்ப்பாள் சத்தத்துக்கு முந்தி வளையல் சத்தம்தேன் கேட்டுச்சு."

உணர்ச்சி திரும்புகிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொடுவேன், ஊசியால் லேசாகக் குத்துவேன். தெரிந்தால் சொல்ல வேண்டும். பல மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. "பாத்தீகளா, அத்த சொன்னது சரியாப்போச்சு. சொரணை கெட்டவ" என்று கண்ணை மூடிக்கொண்டே சிரிப்பாள். வீட்டுக்குப் போன பிறகும் உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வாரா வாரம் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் கையின் முதுகில் ஊசியை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! வலிக்குதுக்கா!"

அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. நரம்பு திரும்பும்போது அப்படித்தான், சுருக்சுருக்கென்று வலியாகத்தான் முதலில் தெரியும், மற்றதெல்லாம் பிறகுதான் வரும் என்று சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இது இனிமே மாட்டுத்தோலு இல்ல. என் தோலு" என்றாள்.

கோர்ட்டுக்கு அவளோடு நானும் போனேன். லீவு போட்டுவிட்டுப் போனேன். நான் நீட்டிய விரல் அது, அதை நான் பார்க்க வேண்டாமா?

கூண்டில் புருஷனும் மாமியாரும் நின்றார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாக்குமூலத்தையே பிடித்துத் தொங்கினார். சாகும் தறுவாயில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், சமைக்கும்போது சேலையில் தீப்பிடித்தது என்று நீங்களே சொன்னீர்களா இல்லையா என்று கேட்டார்.

"சொன்னேன்யா. ஆனா நான் அன்னைக்குச் சேலையே கட்டலையே. நைட்டியில்ல போட்டிருந்தேன்."

எங்கள் டாக்டர் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார். அவள் நெஞ்சிலிருந்து உருகி ஒட்டிய நைட்டித் துணியையும் கருகிய ஜிப்பையும் அவர்தான் பிரித்தெடுத்தவர். வக்கீல் அதைத் தாண்டிப் போகப் பார்த்தார். அப்போது கூண்டிலிருந்து மாமியாரின் குரல் எழும்பியது.

"பொய்யி! எங்க வீட்டு மருமக நைட்டியப் போட்டுட்டு நிக்க மாட்டா! நான்தேன் சேலைன்னு சொல்லச் சொன்னேன். எங்களுக்கு மானம் மருவாதி இருக்கு!"

 வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று அந்தப் பெண்மணி தன் வாயாலேயே ஊருக்குச் சொல்லிவிட்டாள். கொலை முயற்சிக் கேஸில் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதைவிட, மருமகள் நைட்டியோடு இருந்தது வெளியே தெரிந்துவிட்டதே என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. தீ வைத்ததை மறைக்கச் சொல்லிக்கொடுத்தபோதும் அந்த மானம்தான் மருமகள் வாயில் சேலையை வைத்தது. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது.

உங்கள் மேல் தீ வைத்தவர் இங்கே இருக்கிறாரா என்று அரசு வக்கீல் கேட்டார். அவள் கையுறையைக் கழற்றினாள். மெதுவாகத்தான் கழற்றினாள், வேண்டுமென்றே. வலது கையைத் தூக்கினாள். மற்ற விரல்களெல்லாம் இன்னும் கொஞ்சம் வளைந்துதான் இருந்தன. ஆள்காட்டி விரல் மட்டும் அடிக்கோலைப்போல நேராக நின்றது. "இந்தா நிக்கிறாரே, இவருதேன்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். விரல் கொஞ்சம் நகர்ந்து மாமியாரிடம் போய் நின்றது. "கதவச் சாத்துனது இவுக." விரல் இறங்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"போதும்மா, கையை இறக்குங்க" என்றார் நீதிபதி.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றாள் அவள். "இத நீட்ட எம்புட்டு நாளாச்சு."

அவன் ஜெயிலுக்குப் போனான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். மாமியாரை விட்டுவிட்டார்கள். வாக்குமூலத்தைச் சொல்லிக்கொடுத்தது குடும்ப மானத்துக்காக இருக்கலாம், தாழ்ப்பாளைப் போட்ட கையைப் பார்த்தவர் யாரும் இல்லை, மகனே போட்டிருக்கலாம், வளையல் சத்தம் எல்லாப் பெண்கள் கையிலும் உண்டு. சந்தேகத்தின் பலன் அவளுக்குக் கிடைத்தது. வெளியே வந்து, கோர்ட் வாசல் டீக்கடையில் கொதிக்கும் டீயை நின்றபடியே குடித்தாள் என் உசிலம்பட்டிக்காரி. அழவில்லை. "பாதிதேன்க்கா வெந்திருக்கு" என்றாள்.

இப்போது அவள் ஊரில் மாடு வைத்திருக்கிறாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் போன் வரும். "எங்க சொந்தக்காரவுகளுக்கெல்லாம் மாலை போட்டாச்சுக்கா" என்பாள். நான் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் காளவாசலில் சின்னதாக ஒரு கிளினிக் போட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் காலையில் வாசலில் ஒரு குரல். "டாக்டரம்மா இருக்காகளா?" அந்த 'இருக்கா'வில் எனக்கு முதுகு சிலிர்த்தது. தலை நரைத்து, உடம்பு வற்றிப் போயிருந்தது. ஆனால் அந்த மாமியாரேதான். வார்டில் எப்போதும் முகத்தில் மாஸ்க் போட்டிருந்த என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, மாவுக் கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். வலது கையை மேசைமேல் தூக்கி வைத்தாள். விரல்கள் விறைத்து மடங்கியிருந்தன.

"கட்டுப் பிரிச்சதுலேர்ந்து கையில சொரணையே இல்ல தாயி" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தக் கையை மேசையிலிருந்து தள்ளிவிட்டு, வெளியே போ என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஊசியை எடுத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். குத்தினேன். தேவையானதைவிடக் கொஞ்சம் அழுத்தித்தான் குத்தினேன். அவள் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன்.

மாடு கத்தும் சத்தத்துக்கு நடுவே அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"எந்தக் கையிக்கா?"

"வலது."

"வளையல் கெடக்கா?"

"இல்லத்தா. கட்டுப் போடும்போது வெட்டி எடுத்துட்டாக."

 பால் பீய்ச்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"குத்திப் பாத்தீகளா?"

"பாத்தேன். ஒண்ணுமே தெரியல. நான் பாக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிறப்போறேன். அந்தக் கையத் தொட எனக்கு மனசில்ல."

"அய்யய்யோ, அனுப்பிறாதீகக்கா!" பதறிப்போய்ச் சொன்னாள். "எனக்குப் பாத்தீகள்ல, அதவிட நல்லாப் பாருங்க. தெனமும் வரச் சொல்லுங்க. சொரணை வரணும் அவுகளுக்கு."

கதவிடுக்கு வழியே மேசைமேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்தேன்.

"வந்தாத்தேனக்கா வலிக்கும்" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். மாமியார் அப்படியே, கண்ணை மூடியபடியே, கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலிலிருந்து ஆரம்பித்தேன்.